கறுப்பா, மஞ்சளா, சாக்லெட்டா? முதல் வேட்டைத் துணைநாயை வாங்கப் போகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை. கடைசி மணி அடித்துவிட்டது. வகுப்பே காலியான பிறகும் மூன்றாம் படிவ மாணவன் ஒருவன் மட்டும் பையை மாட்டிக்கொண்டு என் மேசையருகே நின்றுகொண்டிருந்தான்.

"சார், அப்பா நாய் வாங்கித் தரேன்னு சொல்லிட்டாரு. லாப்ரடார். கறுப்பு வாங்கவா, மஞ்சள் வாங்கவா, சாக்லெட் கலர் வாங்கவா?"

"வீடு எங்கே?"

"ஜாசின்ல சார், தாமான் வீடு. தாத்தா இன்னும் எஸ்டேட்டுலதான் இருக்காரு. சனி ஞாயிறு அங்க கொண்டு போவேன். தாத்தா அந்தக் காலத்துல பன்னி வேட்டைக்குப் போனவரு. லாப்ரடாரும் வேட்டை நாய்தானே சார்?"

மாணவர்களே, அவன் கேட்டது ஒரு கேள்விபோல் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருந்தன. எந்த நிறம்? எந்த இனம்? எந்த வேலைக்கு? நிறம்தான் இவற்றில் அவசியம் குறைந்தது. ஆனால் அறிவியல் பாடத்துக்கு அதுவே சுவையானது. அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

மலாக்காவுக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. 1896ஆம் ஆண்டு வாக்கில் டான் சாய் யான் என்பவர் இங்கே புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் நட்ட முதல் முயற்சிகளில் அது ஒன்று. பிறகு புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் உருவாயிற்று. தோட்டங்கள் வந்ததும் லயங்கள் வந்தன. லயங்களோடு நாய்களும் வந்தன. விடியுமுன் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன தாத்தா பாட்டிமாருக்கு முன்னால் ஓடியவை அந்த நாய்கள்தாம். பாம்பைக் கண்டால் குரைக்கும், பன்றி வந்தால் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு கத்தும். அவற்றுக்கு இனப்பெயர் கிடையாது. காது ஒன்று நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருக்கும். பலதும் கலந்த நாட்டு நாய்கள்.

அந்த நாயும் வேட்டை நாய்தான், லாப்ரடாரும் வேட்டை நாய்தான். ஆனால் செய்யும் வேலை நேரெதிர். பன்றி வேட்டை நாய் துரத்த வேண்டும், சத்தம் போட வேண்டும், அஞ்சாமல் எதிர்த்து நிற்க வேண்டும். லாப்ரடாரைப் போன்றவற்றைத் துப்பாக்கி நாய்கள் என்பார்கள். பறவை வேட்டைக்காரனுக்குத் துணையாக ஐரோப்பாவில் உருவாக்கப்பட்டவை. துப்பாக்கி வெடிக்கும்போது அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சொன்ன பிறகே போக வேண்டும். விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்க வேண்டும். பன்றியின் முன்னால் இப்படிப்பட்ட நாயைக் கொண்டு நிறுத்தினால் அதன் வயிறு கிழியும். தாத்தாவின் பழைய கதைகளை நம்பி லாப்ரடாரைச் செம்பனைத் தோட்டத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டாம் என்று அந்த மாணவனிடம் முதலில் சொன்னேன். வேட்டைக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படியும் உரிமம் வேண்டும் என்பது தனி விஷயம்.

ஒரே விலங்கிலிருந்து இவ்வளவு வேறுபட்ட குணங்கள் எப்படி வந்தன? ஓநாய் இரை பிடிப்பதைக் கவனித்தால் விளங்கும். முதலில் பார்க்கிறது. பிறகு பதுங்கி நெருங்குகிறது, துரத்துகிறது, கவ்வுகிறது, கடித்துக் கொல்கிறது, கிழித்துத் தின்கிறது. இது ஒரு சங்கிலி. மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தனக்குப் பிடித்த நாய்களை மட்டும் சேர்த்துக் குட்டி போட வைத்து, இந்தச் சங்கிலியில் சில கண்ணிகளை நீட்டினான், சிலவற்றைச் சுருக்கினான். இதுவே செயற்கைத் தெரிவு.

பாயின்டர், செட்டர் இரண்டிலும் பதுங்கும் கண்ணி நீண்டுவிட்டது. பறவையின் வாடை பட்டதும் ஒரு காலைத் தூக்கியபடி சிலைபோல் நின்று திசை காட்டும். ஸ்பானியல் புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடும். ரெட்ரீவர்களில் கவ்வும் கண்ணி வலுவாக இருக்கிறது, கொல்லும் கண்ணி ஏறக்குறைய அறுந்துவிட்டது. லாப்ரடார், கோல்டன் இரண்டும் ரெட்ரீவர்களே. லாப்ரடாரின் மூதாதைகள் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு வேலை செய்த நாய்கள். குளிர்ந்த கடலில் நீந்தி வலையையும் மீனையும் இழுத்து வந்தவை. அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறி, 1903இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றன. கோல்டன் ரெட்ரீவரின் தொடக்கம் 1868இல் ஸ்காட்லாந்தில் பிறந்த ஒரே ஈற்றுக் குட்டிகள்.

மூக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் துப்பாக்கி நாய்கள் பெரிய செய்தியானது பறவை வேட்டையால் அல்ல, திருட்டு டிவிடியால்! 2007 மார்ச்சில் லக்கி, ஃபுளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார்கள் மலேசியாவுக்கு வந்தன. வட்டுகள் செய்யப் பயன்படும் பொருள்களின் வாடையை வைத்து, பூட்டிய அறைகளுக்குள் பதுக்கிய திருட்டு வட்டுகளைக் கண்டுபிடித்தன. திருட்டு வட்டுக் கும்பல்கள் இவற்றின் தலைக்கு விலை வைத்ததாகவும் அப்போது செய்தி வந்தது. உங்களில் பலர் டிவிடியையே பார்த்திருக்க மாட்டீர்கள். அப்பா அம்மாவிடம் கேளுங்கள்.

சரி, எதை வாங்குவது? இங்கே நான் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல விருப்பமில்லைதான்.

ஆசிரியர் வேலை கிடைத்த புதிதில் ஒரு கோல்டன் ரெட்ரீவர் குட்டி வாங்கினேன். ராணி என்று பெயர். படத்தில் பார்த்த அழகுதான் காரணம், வேறெதையும் நான் யோசிக்கவில்லை. அவளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் திடலில் பந்து எறிந்து விளையாடினேன். அவள் ஒவ்வொரு முறையும் ஓடிப் போய் எடுத்து வந்தாள். களைப்பை முகத்தில் காட்டவே இல்லை. ரெட்ரீவர் அப்படித்தான், நீங்கள் நிறுத்தும்வரை அது நிறுத்தாது. அரை மணி நேரத்தில் கால் தடுமாறி விழுந்தாள். நாக்கு கருஞ்சிவப்பாக இருந்தது. நான் ஈரத் துண்டை அவள்மேல் இறுக்கிப் போர்த்தி, காரில் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். இரண்டு நாள் கழித்து இறந்துவிட்டாள்.

நான் அறிவியல் ஆசிரியர். உள்ளுறை வெப்பத்தை வகுப்பில் நடத்தியவன். நான்காம் படிவ இயற்பியலில் 'ஹபா பெண்டாம்' என்று நீங்கள் படிக்கப்போவது அதைத்தான். ஆனாலும் அன்று அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது போடுவோம்.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் ஆபத்து. நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்க்கும் வசதி நாய்க்கு இல்லை. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். பெரும்பாலும் மூச்சிரைத்து, நாக்கிலும் சுவாசப் பாதையிலும் உள்ள நீரை ஆவியாக்கித்தான் அது குளிர்கிறது. 1 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பம் எடுத்துக்கொள்ளும். உடல் திசுவின் தன்வெப்பக் கொள்ளளவைக் கிலோவுக்கு 3.5 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால், 30 கிலோ நாயின் வெப்பநிலையை 1 பாகை குறைக்க 105 கிலோஜூலை வெளியேற்ற வேண்டும். அதாவது சுமார் 44 கிராம் நீர், மூன்று மேசைக்கரண்டி அளவு, ஆவியாக வேண்டும். வறண்ட காற்றில் இது எளிது. நம் ஊர்க் காற்றிலோ ஈரப்பதம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. துணி காயாத நாளில் நாயின் நாக்கும் காயாது. இதற்கு மேல் கடலில் நீந்துவதற்காக வளர்ந்த இரட்டை ரோமப் போர்வை வேறு.

ஈரத் துண்டை இறுக்கிப் போர்த்தியது ஏன் தவறு? சிறிது நேரத்தில் துண்டு உடல் சூட்டுக்கு வந்துவிடும், காற்றும் உள்ளே போகாது. முதலில் நிழலுக்குக் கொண்டு போய், குழாய்த் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி, விசிறி வைத்துக் குளிரச் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் காரில் ஏற்ற வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது ராணி போன பிறகு.

ஆகவே நம் ஊரில் துப்பாக்கி நாய் வளர்க்க நினைப்பவர் காலை ஏழரைக்கு முன்பும் சூரியன் சாய்ந்த பிறகும் தினமும் நடக்கத் தயாராக இருக்க வேண்டும். நடுப்பகலில் தார்ச்சாலைமேல் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது.

ஒவ்வோர் இனத்தையும் பற்றி என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாயின்டரும் செட்டரும் நாள் முழுக்க ஓடப் பிறந்தவை. தாமான் வீட்டின் வாசல் கேட்டுக்குள் அவற்றை அடைப்பது, ஓட்டப் பந்தயக்காரனைக் கழிவறையில் பூட்டி வைப்பதுபோல. புதியவர்களுக்கு வேண்டாம். கோல்டன் அன்பானது, கற்றுக்கொள்ளும். ஆனால் அந்த ரோமத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

காக்கர் ஸ்பானியல் சிறியது. வீட்டுக்குள் அடங்கும், புத்தியும் உண்டு. பலரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு இரண்டு தயக்கம். அதன் நீண்ட மடிந்த காதுக்குள் ஈரம் தங்கி, பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். நம் தட்பவெப்பத்தில் வாரந்தோறும் காதைப் பார்த்தாக வேண்டும். இரண்டாவது இன்னும் முக்கியம். புதருக்குள் மூக்கை விடுவது ஸ்பானியலின் பிறவிக் குணம். நம் செம்பனைத் தோட்டங்களில் எலி அதிகம், எலியைத் தேடி நாகமும் மலைப்பாம்பும் வரும். இங்கிலாந்தில் அது புதருக்குள்ளிருந்து கிளப்புவது பறவையை. மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் எதைக் கிளப்பும் என்று நீங்களே யோசியுங்கள். தோட்டத்துக்குப் போகும்போது கயிறு கையில் இருக்கட்டும்.

லாப்ரடாருக்கு ரோமம் குட்டை, காது அளவானது. கற்றுக்கொடுப்பவர் தப்புச் செய்தாலும் மன்னிக்கும் குணம் உண்டு. துப்பாக்கி நாய்களில் புதியவர் ஒன்றை எடுப்பதானால் அதுதான் என்பேன். ஆனால் அதற்கு ஒரு பெரிய பலவீனம், சோறு. லாப்ரடார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் "எங்க நாய்க்கு எப்பவும் பசி" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது வெறும் கெட்ட பழக்கம் இல்லை. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாரிடம் இது இருக்கிறது. பசியைக் கட்டுப்படுத்தும் செய்தி மூளையில் சரியாக வேலை செய்வதில்லை. இந்த மாற்றத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் எடை சராசரியாக 2 கிலோ கூடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பார்வையற்றோருக்கும் மற்றோருக்கும் உதவப் பயிற்சி பெற்ற லாப்ரடார்களைச் சோதித்தபோது நாலில் மூன்றில் இந்த மாற்றம் இருந்தது. தீனிக்கு ஆசைப்படும் நாய்தான் பயிற்சியில் சுலபமாகத் தேறுகிறது போலும்!

எடை ஏன் இவ்வளவு முக்கியம்? லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை வர வாய்ப்பு அதிகம். பல மரபணுக்கள் சேர்ந்து உண்டாக்கும் குறை அது, எடை கூடினால் மோசமாகும். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 ஆண்டுகள் கவனித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு, மற்றதைவிட 25 விழுக்காடு குறைவான தீனி. முடிவு 2002இல் வெளிவந்தது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் தாமதமாகவே வந்தது. நாய்க்கு 1.8 ஆண்டு என்பது மிகப் பெரிய காலம். பாட்டி பாசத்தோடு போடும் ரொட்டிச் சானாய்த் துண்டுகளைப் பற்றி வீட்டில் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். பேசுவது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும்.

இனத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு அதற்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் விவரம் திரட்டி, 2,000க்கும் மேற்பட்டவற்றின் மரபணுத் தொகுப்பையும் படித்தது. தனித்தனி நாய்களின் குணத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய 9 விழுக்காட்டைத்தான் இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. சொன்னதைக் கேட்பது போன்ற சில குணங்களில் மட்டும் இனத்தின் பங்கு கொஞ்சம் கூடுதல். மற்றபடி சாதுவான பாயின்டரும் உண்டு, முரட்டு லாப்ரடாரும் உண்டு. குட்டியின் மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம்வரை அது யாரோடு பழகுகிறது, எதைப் பார்க்கிறது, எந்தச் சத்தத்தைக் கேட்கிறது என்பதும் குணத்தை உருவாக்கும். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காக்கர் ஸ்பானியல் உட்பட ஐந்து இன நாய்களை ஆண்டுக்கணக்காக வளர்த்து, 1965இல் ஒரு நூலில் இதை விளக்கினார்கள். அதனால்தான் குட்டியை வாங்குமுன் தாய் நாயைப் பார்க்கக் கேளுங்கள் என்கிறேன். காட்ட மறுக்கும் விற்பனையாளரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனி நிறம். லாப்ரடாரின் நிறத்தை முக்கியமாக இரண்டு மரபணுக்கள் முடிவு செய்கின்றன. முதலாவது மையின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஓங்கிய அலீல் ஒன்று இருந்தாலே மை கறுப்பு. இரண்டும் ஒடுங்கியவையானால் சாக்லெட். இரண்டாவது மரபணு அந்த மையை ரோமத்துக்குள் அனுமதிக்கலாமா என்று தீர்மானிக்கும் வாயிற்காவலர். அதில் இரண்டும் ஒடுங்கிய அலீல்களானால் கறுப்பு மையோ சாக்லெட் மையோ ரோமத்துக்குள் வராது, நாய் மஞ்சளாகிவிடும். அப்படிப்பட்ட நாயின் மூக்கைப் பாருங்கள், உள்ளே மறைந்திருக்கும் மையின் நிறம் அங்கே தெரியும். இரண்டு மரபணுவிலும் ஒடுங்கிய அலீலை ஒன்று ஒன்று மறைத்து வைத்திருக்கும் இரு கறுப்பு நாய்கள் சேர்ந்தால், குட்டிகள் 9 கறுப்பு, 3 சாக்லெட், 4 மஞ்சள் என்ற விகிதத்தில் எதிர்பார்க்கப்படும். ஐந்தாம் படிவ உயிரியலில் 9:3:3:1 படிக்கும்போது, இங்கே கடைசி இரண்டும் ஏன் ஒன்று சேர்ந்து 4 ஆயின என்று பதினாறு கட்டம் போட்டுப் பாருங்கள்.

நிறத்துக்கும் நலத்துக்கும் தொடர்பு உண்டா? 2018இல் வந்த ஆய்வு ஒன்று பிரிட்டனின் கால்நடை மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தது. சாக்லெட் லாப்ரடார்களின் இடைநிலை ஆயுள் 10.7 ஆண்டு, மற்ற நிறங்களுக்கு 12.1 ஆண்டு. காது, தோல் நோய்களும் சாக்லெட்டில் அதிகம். அந்த நிறம் வேண்டும் என்று ஒடுங்கிய அலீல் உள்ள சில நாய்களையே திரும்பத் திரும்பச் சேர்ப்பதால் மற்றக் குறைகளும் கூடவே வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மையைக் குறை சொல்ல முடியாது.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. ராஜபாளையம் நாயின் தூய வெள்ளை நிறத்தைப் பலரும் விரும்புவார்கள். அந்த நாய்க்கு 2005இல் இந்தியா அஞ்சல்தலைகூட வெளியிட்டது. ஆனால் அந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம். நிறமி செல்கள் தோலுக்கு மட்டுமல்ல, உட்காதுக்கும் தேவை. அங்கே அவை இல்லாவிட்டால் கேட்கும் செல்கள் குட்டிப் பருவத்திலேயே செத்துப்போகும்.

இவ்வளவுக்கும் பிறகு நான் அந்த மாணவனிடம் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றுதான். "உனக்கு இப்போ 15 வயசு. லாப்ரடார் 12 வருஷம் வாழும். நீ ஐந்தாம் படிவம் முடிச்சு, படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போன பிறகு அதை யார் பார்ப்பா?"

அவன் பதில் சொல்லவில்லை. வீட்டில் போய்ப் பேசியிருக்கிறான். இரண்டு நாள் அழுதானாம், அவன் அம்மா சொன்னார்.

மற்ற வேலைகளையும் சொல்லி அனுப்பினேன். நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுக்க வேண்டும், விதிகளை அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பிட்புல், அக்கித்தா, தோசா போன்றவை நாட்டில் தடைசெய்யப்பட்டவை, துப்பாக்கி நாய்கள் அந்தப் பட்டியலில் இல்லை. தடுப்பூசி போட வேண்டும். தோட்டத்துக்குக் கொண்டு போனால் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். உண்ணி ஒரே கடியில் ரத்த நோயைக் கொடுக்கும், கொசு இதயப் புழுவைக் கொடுக்கும். இரண்டுக்கும் மாதந்தோறும் மருந்து உண்டு. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தினரிடம் முன்கூட்டியே பேசி, நாய் அவர்கள் வாசலுக்குப் போகாதபடி வேலி போட வேண்டும். தாத்தாவிடம் கேட்டால் எஸ்டேட்டிலேயே நல்ல நாட்டு நாய்க்குட்டி கிடைக்கும், இந்த வெயிலுக்குப் பழகிய நாய் என்றும் சொன்னேன். முதல் நாயாக அதுவே போதும் என்பதுதான் என் உள்மனசு. அதை அவன் ரசிக்கவில்லை.

விடுமுறை முடிந்து வந்தவன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினான். அவன் குட்டி வாங்கவில்லை. அப்பாவோடு வேலை செய்தவர் ஒருவர் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு மாறிப் போகிறார். அவர் வளர்த்த நான்கு வயது லாப்ரடார் பெண் நாயை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வளர்ந்த நாய் என்பதால் குணம் முன்பே தெரிந்துவிட்டது. கறுப்பு. தான் படிக்கப் போனால் நாயைப் பார்த்துக்கொள்வதாக அக்காள் சொல்லிவிட்டாளாம்.

நோட்டின் முதல் பக்கத்தில் எடை 38 கிலோ என்று எழுதியிருந்தது. மருத்துவர் 30க்குக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். தினமும் காலை ஆறே முக்காலுக்கு நடை, தீனி தராசில் நிறுத்து. நேற்றைய பதிவு 36.4. அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில், 'தாத்தா இட்லி கொடுத்துவிட்டார்' என்று இருந்தது.